தாய் ஷெல்லும் கோவளத்து மைக்கும்

ஜனவரி 2, வெள்ளி

என் மனைவி கன்னியம்மா இந்த டைரியை வாங்கி வந்து மேசையில் போட்டாள். "எதுன்னா எழுதிகினு இருந்தா கோவம் கொறையுமாம். டிவில சொன்னாங்க." எனக்குக் கோபம் என்று யார் சொன்னது? சரி, காசு கொடுத்து வாங்கியாயிற்று. எழுதுகிறேன்.

இன்று மீட்டிங். கார்த்தி அழுதான். எங்கள் நாவலூர் ஆபீசில் மாலை நான்கு மணிக்கு மீனவக் குப்பங்களுக்குப் போன் போகச் செய்வது அவன் வேலை. மறுநாள் கடலில் காற்று பலமாக இருக்கும் என்று முன்னறிவிப்பு வந்தால் கம்ப்யூட்டர் ஊருக்கு ஒருவரைக் கூப்பிடும், அவர் கோயில் மைக்கில் சொல்லுவார். மொத்தம் எட்டு ஊர். எங்கள் ஊரான கோவளத்தில் போனை எடுப்பவர் அப்பாசாமி. முன்பெல்லாம் தினமும் கூப்பிட்டோம். காற்று இல்லை என்று சொல்ல எதற்கு ஒரு மைக் என்று ஊரே அலுத்துக்கொண்டதால், காற்று உள்ள நாளில் மட்டும் போதும் என்று நான்தான் மாற்றிவைத்தேன். மைக் பேசவில்லை என்றால் கடலுக்குப் போகலாம். குப்பத்தில் இது இப்போது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கார்த்தியின் அழுகை என்னவென்றால், ஒவ்வொரு ஊருக்கும் நான்கு மதிப்புகளைக் கையால் அடிக்க வேண்டியிருக்கிறது: ஊர் பெயர், போன் நம்பர், கடல் பகுதி, செய்தியின் குரல்பதிவு. ஒரே கட்டளையில் நான்கும் மாறினால் என்ன? மேனேஜர் விஜயகுமாரி மேடம் என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்று சொன்னேன்: முடியாது.

நன்றாகவே விளக்கினேன். ஷெல் என்பது நாம் கட்டளை அடிக்கும் ஜன்னல். அந்த நான்கு மதிப்பையும் அதுதான் எழுதி வைத்திருக்கிறது. அங்கிருந்து ஒரு புரோகிராமை ஓட்டினால் மதிப்புகளின் நகலைத்தான் அதன் கையில் கொடுக்கும். புரோகிராம் தன் நகலில் என்ன வேண்டுமானாலும் கிறுக்கிக்கொள்ளலாம். அது முடிந்ததும் நகலும் போய்விடும். தாய் ஷெல்லில் ஒரு எழுத்துகூட மாறாது. ஐம்பது வருட விதி இது. எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குத் திருப்தியாக இருந்தது.

சுற்று வழி ஒன்று உண்டு. புரோகிராம் எதையும் மாற்றப் போக வேண்டாம், மாற்ற வேண்டிய வரிகளைத் திரையில் சொன்னால் போதும். அந்த வரிகளை ஷெல்லே வாங்கித் தன்மேல் எழுதிக்கொள்ளும்படி செய்யலாம். பத்து வரி வேலை. இன்று சொல்லவில்லை. இரண்டு நாள் தவிக்கட்டும். திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தால்தான் மதிப்பு. பொங்கல் முடிந்ததும் டீம் லீட் யாரென்று மேடம் சொல்லப்போகிறார். எனக்கு இந்த ஆபீசில் பதினொரு வருடம்.

ஜனவரி 5, திங்கள்

பிரியங்கா செய்துவிட்டாள்.

வந்து ஏழு மாதம்கூட ஆகாத பெண். வேடந்தாங்கல் பக்கம் ஏதோ கிராமம், அப்பா நெல் போடுகிறவர். பறவை பயந்துவிடும் என்று அவர்கள் ஊரில் தீபாவளிக்கு வெடிகூட வெடிக்க மாட்டார்களாம். அதனாலோ என்னவோ ஆபீசிலும் மூச்சு விடுகிற மாதிரிதான் பேசுவாள். நான் எவ்வளவு முறை "சத்தமா பேசும்மா" என்றிருக்கிறேன்.

காலையில் மேடம் எல்லாரையும் அவள் மேசைக்குக் கூப்பிட்டார். அவள் 'ஊர் கோவளம்' என்று அடித்தாள். நான்கு மதிப்பும் மாறி நின்றது. தாய் ஷெல்லில்! நான் குனிந்து குனிந்து பார்த்தேன். அவள் புரோகிராம் தன்னை ஓட்டிய ஷெல் எதுவென்று கண்டுபிடிக்கிறது, பிழை தேடப் பயன்படுத்தும் டீபக்கரை வைத்து அந்த ஷெல்லை ஒரு கணம் நிறுத்துகிறது, அதன் நினைவுக்குள் நுழைந்து மதிப்பை எழுதிவிட்டு மறுபடி ஓடவிடுகிறது. அதற்கான அனுமதியை மேடத்திடம் கேட்டு மெஷினில் திறந்தும் வைத்துவிட்டாள்.

அடுத்தவர் வீட்டுக்குள் பூட்டை உடைத்துப் போய் நாற்காலியை இடம் மாற்றி வைத்துவிட்டு வருவதற்குப் பெயர் வேலையா? ஆனால் வேலை செய்கிறது. கார்த்தி கைதட்டினான். என்னைப் பார்த்து, "இன்னா அண்ணாத்த, முடியாதுன்னியே" என்றான்.

அவள் என்னிடம் வந்து, "நீங்க சொன்ன விளக்கத்தை வெச்சுத்தான் சார் யோசிச்சேன்" என்றாள். இதைவிட ஒரு அறை விட்டிருக்கலாம்.

என் பத்து வரி பையிலேயே இருக்கிறது. இனி அதைக் காட்டினால் அவளைப் பார்த்து எழுதியது என்பார்கள்.

ஜனவரி 6, செவ்வாய்

கேன்டீனில் அவள் தட்டில் இரண்டு வடை. எனக்கு ஒன்று.

ஜனவரி 7, புதன்

பொறாமை இல்லை. முறை தவறு என்கிறேன், அவ்வளவுதான்.

மேடம் அவளை "பிரியா" என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறார். என்னைப் பதினொரு வருடமாக "மிஸ்டர் வெங்கடேசன்".

ஜனவரி 9, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்! கண்டுபிடித்துவிட்டேன்.

மூன்று நாளாக அவள் புரோகிராமில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தேன், சாப்பாட்டு நேரத்தில் கூட. இன்று கிடைத்தது. அது மாற்றுவது தன்னை ஓட்டியவரை மட்டும்தான். ஜன்னலில் நேராக அடித்தால் ஜன்னல் மாறும், சரி. அதே கட்டளையை ஒரு கோப்பில் எழுதி அந்தக் கோப்பை ஓட்டினால்? கோப்பை நடத்துவதற்கென்று இன்னொரு ஷெல் வரும். மாறுவது அது. கோப்பு முடிந்ததும் அந்த ஷெல்லும் செத்துப்போகும். ஜன்னலில் பழைய ஊர் அப்படியே உட்கார்ந்திருக்கும். திரையில் மட்டும் பச்சை எழுத்தில் 'மாறியது: கோவளம்' என்று வரும்.

இரண்டு வரியில் ஒரு கோப்பு எழுதி மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். மூன்று தடவையும் பச்சை. மூன்று தடவையும் பொய். எனக்கு வந்த சந்தோஷத்தை இங்கே தவிர வேறு எங்கும் சொல்ல முடியாது. பதினொரு வருடத்தில் கம்பெனி கொடுத்த எந்தச் சம்பளமும் இப்படி இனித்ததில்லை.

சொல்ல வேண்டும். சொல்லத்தான் வேண்டும். ஆனால் இப்போது சொன்னால் "நல்லவேளை, நன்றி சார்" என்று பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடுவாள். அதற்கும் அவளுக்கே கைதட்டல். எல்லார் முன்பும் ஒருநாள் அதுவாக விழட்டும். அப்போது எழுந்து, எனக்கு முதலிலேயே தெரியும் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஜனவரி 12, திங்கள்

இன்று முதல் அவள் 'ஊர்' கட்டளைதான். மேடம் மீட்டிங்கில் அறிவித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார், சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று. எல்லாரும் திரும்பினார்கள். அவளும்.

நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். பேசவில்லை. மேடம் இரண்டு விநாடி பார்த்துவிட்டு, "சரி, அடுத்தது" என்றார்.

கார்த்தி நேராகத்தானே அடிக்கிறான். கோப்பில் யார் போடப்போகிறார்கள்? ஒன்றும் ஆகாது. ஏதாவது ஆக வேண்டும் என்றும் இருக்கிறது. அது எப்படி, ஒன்றும் ஆகாது, ஏதாவது ஆக வேண்டும், இரண்டும் ஒரே மண்டையில்?

ஜனவரி 17, சனி, காணும் பொங்கல்

மாமல்லபுரம் கடற்கரையில் கால் வைக்க இடமில்லை. கன்னியம்மா கட்டுச்சோறு கட்டியிருந்தாள். மாரியும் வந்தான். கன்னியம்மாவின் தம்பி, சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருக்கிறான். விடிவதற்கு முன் போய் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவான். முப்பத்திரண்டு வயது. ஊரில் அவன் நடந்தால் நான்கு பேர் கூட நடப்பார்கள்.

பழைய கதையை மறுபடி எடுத்தார்கள். என்னை முதல்முதலாகக் கடலுக்குக் கூட்டிப்போனபோது, அலை தாண்டுவதற்குள் நான் வாந்தி எடுத்து, கரைக்குத் திருப்பிக்கொண்டு வந்துவிட்ட கதை. எங்கள் அப்பா கரைவலை இழுத்தவர். அவர் மகனுக்குப் படகு ஆகாது. குப்பத்தில் எனக்கு ஒரு முகம் இருக்கிறதென்றால் அது கம்ப்யூட்டர் முகம்தான். அதிலும் இப்போது ஒருத்தி வந்து—

இன்று எழுத நினைத்தது அதை இல்லை. எல்லாரும் சிரித்து முடித்த பிறகு மாரி என் தோளில் கை போட்டு, "சிரிக்கட்டும் வுடு மாமா. உன் மைக்கு பேசலன்னா நான் கண்ண மூடிகினு போறேன். மேல மானத்தகூட பாக்கறதில்ல" என்றான். பெருமையாக இருந்தது. கன்னியம்மாவும் பார்த்தாள்.

ஜனவரி 20, செவ்வாய்

காலையில் அறிவித்துவிட்டார்கள். டீம் லீட்: பிரியங்கா. வியாழக்கிழமை கேக் வெட்டு, மாலை.

நான் கைகுலுக்கினேன். "உங்ககிட்ட கேட்டுக்கிட்டேதான் சார் செய்வேன்" என்றாள். வயிறு எரிகிறது. அவள் நல்லவளாக இருப்பதுதான் எரிகிறது. கொஞ்சம் திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் எவ்வளவு சுகமாக இருந்திருக்கும்.

மதியம் கார்த்தி வந்து தன் ஜன்னலைக் காட்டினான். ஒவ்வொரு அழைப்புக்கும் நேரம் குறித்து வைக்கும்படி மேடம் சொல்லியிருந்தார். அதை அடிக்கச் சோம்பல்பட்டு, நேரம் குறிக்கும் வரியையும் 'ஊர்' கட்டளையையும் சேர்த்து ஒரு கோப்பில் எழுதிவிட்டான். "ஒரே தட்டுல முடியுது பாரு அண்ணாத்த. எப்படி கீது?"

பார்த்தேன். நான் எழுதிப் பார்த்த மாதிரியே இரண்டு வரிக் கோப்பு.

"நல்லாதான் கீது" என்றேன்.

ஜனவரி 22, வியாழன்

லீவு. கேக்கைப் பார்க்க என்னால் முடியாது. செங்கல்பட்டில் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். அக்காவிடம் காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்றேன், ஆபீசிலும் அதையே சொன்னேன். மாலை ஏரிக்கரையில் நடந்தேன். நான்கு மணிக்கு அங்கே மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பார்கள். போனை அணைத்துவிட்டேன்.

ஜனவரி 23, வெள்ளி

காலை எட்டரைக்குப் போனைத் திறந்தேன். கன்னியம்மாவிடமிருந்து பதினேழு அழைப்புகள்.

மாரியின் படகு கவிழ்ந்துவிட்டது. ஆறு மணிக்கு மேல் வாடைக் காற்று திடீரென்று எழும்பியிருக்கிறது. திரும்பி வரும்போது கரைக்குப் பக்கத்திலேயே, அலை உடைகிற இடத்தில், படகு புரண்டு அவன்மேல் விழுந்தது. கூடப் போன இரண்டு பேரும் நீந்தி வந்துவிட்டார்கள். இவனை இழுத்துத்தான் போட்டார்களாம். இங்கேதான், செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். நான் அக்கா வீட்டிலிருந்து ஓடினேன், அவர்களுக்கு முன்பே போய் வாசலில் நின்றேன்.

வலது தோள்பட்டை நொறுங்கியிருக்கிறது. விலா எலும்பு இரண்டு. உயிருக்கு ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். தோள் பழையபடி ஆகுமா என்று கேட்டதற்கு ஆறு மாதம் போகட்டும் என்றார்.

மாரிக்கு நினைவு இருந்தது. என்னைப் பார்த்ததும் சொன்னான்.

"மாமா, மைக்கு பேசலியே."

கன்னியம்மா என்னைப் பார்த்தாள். ஆபீசுல விசாரிக்கிறேன் என்றேன்.

விசாரிக்க என்ன இருக்கிறது. எனக்குத் தெரியும். ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நிற்கும்போதே தெரியும்.

ஜனவரி 24, சனி

கார்த்தியிடம் பேசினேன். வியாழன் மாலை எட்டு ஊருக்கும் எச்சரிக்கை வந்திருக்கிறது. ஏழு ஊரைப் பழைய பழக்கத்தில் ஜன்னலில் நேராகவே அடித்தானாம். கேக் வெட்ட எல்லாரும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். கடைசி ஊருக்கு வரும்போது, ஒரே தட்டில் முடிப்போமே என்று கோப்பை ஓட்டியிருக்கிறான். பச்சையில் 'மாறியது: கோவளம்' வந்தது. அழைப்பை விட்டான், போய்விட்டான். ஜன்னலில் இருந்ததோ ஏழாவது ஊர், தேவனேரி. தேவனேரி மைக்குக்காரரை இரண்டாம் தடவையும் கூப்பிட்டிருக்கிறது. அவரும் காற்று ரொம்ப பலம் போலிருக்கிறது என்று நினைத்து இரண்டு தடவை மைக்கில் சொல்லியிருக்கிறார். அங்கே ஒரு படகும் இறங்கவில்லை.

கோவளத்துக்கு அழைப்பே போகவில்லை. அப்பாசாமி ஐந்து மணிவரை போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். வரவில்லை, சரி, காற்று இல்லை என்று எழுந்து போய்விட்டார். வழக்கம் அதுதானே. நான் வைத்த வழக்கம்.

கார்த்தி போனிலேயே அழுதான். பிரியங்கா நேற்று முழுக்கச் சாப்பிடவில்லையாம், தன் தப்பு என்று ராஜினாமா எழுதி வைத்திருக்கிறாளாம். நான் ஒன்பதாம் தேதி செய்து பார்த்தது யாருக்கும் தெரியாது. இந்த டைரிக்குத் தெரியும். கிழித்துப் போட்டால் அதற்கும் தெரியாது.

ஏதாவது ஆக வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். என் கையெழுத்துதான்.

ஜனவரி 25, ஞாயிறு

ஆஸ்பத்திரி. மாரிக்குச் சாத்துக்குடி உரித்துக் கொடுத்தேன். அவன் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டான். முடியல.

ஜனவரி 26, திங்கள்

கன்னியம்மாவிடம் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து சமையலறை வாசலிலேயே நின்று சொன்னேன். ஷெல், கோப்பு எல்லாம் அவளுக்குப் புரியாது என்று ஆரம்பித்து இழுத்துக்கொண்டே போனேன். அவள் நடுவில் நிறுத்தினாள்.

"அந்த மெஷினு கோவளத்துக்குக் கூப்புடாம போவும்னு உனக்கு முன்னயே தெரியும். அதானே?"

அதான் என்றேன்.

"ஏன் சொல்லல?"

அந்தப் பெண்ணைப் பிடிக்கவில்லை என்றேன். அவள் என்ன செய்தாள் என்று கேட்டாள். ஒன்றும் செய்யவில்லை, என்னைவிட நன்றாக வேலை செய்தாள் என்றேன். இதைச் சொல்ல இவ்வளவு சின்ன வாக்கியம் போதும் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

கன்னியம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "அவன் உன்ன நம்பினு போனான்யா" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேசவில்லை. சோறு போட்டுத் தட்டை மூடி மேசையில் வைத்துவிட்டு, மாரி பெண்டாட்டிக்குத் துணையாக அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஜனவரி 27, செவ்வாய்

ஆபீசில் மேடம் அறை. பிரியங்கா, கார்த்தி, நான். டைரியைக் கொண்டுபோய் ஒன்பதாம் தேதியைப் படித்துக் காட்டினேன். பன்னிரண்டும் இருபதும் கூட. 'இனித்ததில்லை' என்று வருகிற வரியைத் தாண்டிப் போகப் பார்த்தேன். இருந்தாலும் படித்தேன்.

மேடம் டைரியை வாங்கிப் பன்னிரண்டாம் தேதியைத் தானும் ஒருமுறை படித்தார். பிறகு சொன்னார், "நான் கேட்டேன், மிஸ்டர் வெங்கடேசன். நீங்க பேசல. நீங்க பேசலன்னா சரின்னுதானே நான் எடுத்துக்குவேன்?"

பிரியங்கா அழவில்லை. திட்டுவாள் என்று பார்த்தேன், அதுவும் இல்லை. அதே மெல்லிய குரலில், "சொல்லியிருந்தா அன்னிக்கே எடுத்திருப்பேனே சார்" என்றாள். எனக்கும் அது தெரியும். அதற்காகத்தான் சொல்லவில்லை.

வேலையை விட்டு நின்றுவிடுகிறேன் என்று கடிதம் நீட்டினேன். அவளும் தன் கடிதத்தை எடுத்து வைத்தாள். மேடம் இரண்டையும் வாங்கி இழுப்பறையில் போட்டுவிட்டு, முதலில் அந்தக் கட்டளையை மெஷினிலிருந்து எடுங்கள், எட்டு ஊருக்கும் நம்பி அனுப்பக்கூடிய மாதிரி ஒன்றைச் செய்யுங்கள், கடிதத்தை அப்புறம் படிக்கிறேன் என்றார். எனக்கு இந்த வருடம் எந்த உயர்வும் கிடையாது. மாரியின் ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி ஏற்கும். நியாயம்தான்.

ஜனவரி 30, வெள்ளி

இரண்டாம் தேதியிலிருந்து பையில் கிடந்த பத்து வரியை எடுத்து அவள் மேசையில் வைத்தேன். எந்த ஷெல்லுக்குள்ளும் கை விட வேண்டாம். புரோகிராம் வரிகளைச் சொல்லும், ஷெல் தானாக வாங்கிக்கொள்ளும். அவள் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இதுவும் அந்த மீட்டிங் அன்னிக்கே தெரியுமா சார்?"

தெரியும் என்றேன். அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை, டைப் செய்ய ஆரம்பித்தாள். கேட்டிருந்தால் தேவலாம்.

பிப்ரவரி 3, செவ்வாய்

அவள் இன்னொன்று சேர்த்தாள். இதையும் கோப்புக்குள் போட்டால் அதே கதைதான் ஆகும், அதனால் அழைக்கும் கட்டளையிலேயே ஊர் பெயரை இன்னொரு முறை அடிக்க வேண்டும். ஜன்னலில் இருக்கும் ஊரும் அதுவும் ஒன்றாக இல்லாவிட்டால் அழைப்பு போகாது, திரை சிவக்கும். எவ்வளவு எளிய யோசனை. எனக்கு ஏன் வரவில்லை?

எரிந்தது. மறைக்க மாட்டேன். இவ்வளவு நடந்த பிறகும் எரிகிறது, அது பாட்டுக்கு எரிகிறது. ஆனால் உடனே சொல்லிவிட்டேன், "நல்லா இருக்கு. ஆனா இதுலயும் ஒரு ஓட்டை இருக்கு" என்று. ஊர் மாறி போன் நம்பர் மட்டும் பழையதாக இருந்தால் இது பிடிக்காது. அவள் கண் விரிந்தது. "எங்க சார், காட்டுங்க" என்று நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தாள். மாலைக்குள் அடைத்துவிட்டோம்.

பிப்ரவரி 5, வியாழன்

மூடிய தட்டு. கன்னியம்மா பேசாமல் வைத்துவிட்டுப் போகிற பத்தாவது நாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

மாரி வீட்டுக்கு வந்துவிட்டான். தோளில் கட்டு. கன்னியம்மா அவனிடம் சொல்லியிருக்கவில்லை. நானே போய்ச் சொன்னேன். அவன் மனைவியும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மாரி வெளியே தன் படகு இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். என்ஜினும் வலையும் போய், வெறும் கூடு. அவன் என்ன சொல்வான் என்று காத்திருந்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது, ஒரு கைதான் இருக்கிறது அவனுக்கு.

"இன்னா மாமா நீ" என்றான். பிறகு, "தெனமும் பேசச் சொல்லு மைக்க. காத்து கீதோ இல்லியோ. பேசலன்னா இன்னான்னு கேக்கலாம் இல்ல?"

பிப்ரவரி 10, செவ்வாய்

நேற்றுக் காலையே பிரியங்காவிடம் மாரி சொன்னதைச் சொன்னேன். அவள் அன்றே மாற்றினாள். இன்று முதல் எட்டு ஊருக்கும் தினமும் அழைப்பு போகும். நான் எட்டு ஊருக்கும் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்றாள். டீம் லீட் உத்தரவு. நேற்றும் இன்றும் ஈ.சி.ஆர் ரோட்டில் பஸ் மாறி மாறி ஏறினேன். தேவனேரியில் ஒரு கிழவர் சீரியல் நேரத்தில் மைக் கத்தும் என்று சண்டைக்கு வந்தார். ஏன் என்று விளக்கினேன். என் பெயர் சொல்லித்தான் விளக்கினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, போ என்றார்.

பிப்ரவரி 16, திங்கள்

மேடம் இரண்டு கடிதத்தையும் திருப்பிக் கொடுத்தார். பிரிக்கவே இல்லை.

வீட்டில் தட்டு மூடித்தான் இருந்தது.

பிப்ரவரி 22, ஞாயிறு

மதியத்திலிருந்து குப்பத்தில் கரண்ட் இல்லை. நான் உட்காருவதற்கும் படுப்பதற்கும் நடுவில் ஏதோ ஒரு நிலையில் நாற்காலியில் கிடந்தேன். நான்கேகால் இருக்கும். கன்னியம்மா வேகமாக உள்ளே வந்து என் எதிரில் நின்றாள். இருபத்தேழு நாள் கழித்து என் முகத்தைப் பார்த்தாள்.

"மைக்கு பேசலியே. இன்னான்னு கேளு."

ஆபீசுக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை முறை பிரியங்காவுடையது. முதல் மணியிலேயே எடுத்தாள். அப்பாசாமியின் போனில் சார்ஜ் இல்லை போலிருக்கிறது, அழைப்பு எடுக்கப்படவில்லை என்று திரை சொல்கிறது, உங்களைத்தான் கூப்பிட எடுத்தேன் என்றாள். நாளைக்குக் காற்று இல்லை. "ஊருக்கு நீங்களே சொல்லிடறீங்களா சார்?"

மைக்குக்குக் கரண்ட் இல்லை. அதனால் கரைக்கு நடந்தேன். முப்பது படகுக்கு மேல் நின்றன. ஒவ்வொன்றாகப் போனேன். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள், என்ஜின் துடைத்துக்கொண்டிருந்தவர்கள், சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாருக்கும் சொன்னேன், நாளைக்குக் காற்று இல்லை, போகலாம். சிலர் எனக்கு முன்பே எழுந்து வந்துகொண்டிருந்தார்கள், மைக் ஏன் பேசவில்லை என்று கேட்க. ஒருத்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்கு இரண்டு தடவை சொன்னேன்.

கடைசியில் மாரி. கட்டுப் போட்ட தோளோடு தன் காலிப் படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். நாளைக்கு அவன் எங்கும் போகப்போவதில்லை. அவனிடமும் சொன்னேன். நாளைக்குக் காற்று இல்லை.

"மைக்கு சொல்லுதா, நீ சொல்றியா?"

நான்தான் சொல்றேன் என்றேன். தலையை ஆட்டினான்.

வீட்டுக்கு வந்தபோது கன்னியம்மா வாசலில் நின்றிருந்தாள். எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டதா என்று கேட்டாள், ஆகிவிட்டது என்றேன். உள்ளே போய் உட்கார்ந்தேன். அவள் தட்டை எடுத்து வந்தாள். சோறு போட்டாள். மூடவில்லை.